பிந்தி விழுந்த அடி

எனக்குத் தோற்கப் பிடிக்காது. வயது அறுபத்தாறு ஆகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, சபையில் மூப்பர் என்ற பெயர் வேறு. ஆனாலும் பிடிக்காது. அதிலும் கார் பட்டறைக்காரன் ஒருவனிடம் பதினொரு மாதத்தில் ஒன்பது தடவை தோற்றால் எந்த மனிதனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

எங்கள் சங்கத்துக்குப் பெயர் கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஈப்போவில் சிலிபின் பகுதியில் இருக்கும் ஐவி வீட்டு ஹாலில் கூடுவோம். ஐவி ஓய்வுபெற்ற தாதி. ஈப்போ மருத்துவமனையில் முப்பது வருடம் எல்லாரையும் அதட்டிவிட்டு இப்போது எங்களை அதட்டுகிறார். திமோத்தி பல் மருத்துவர். ஹாலில் இருக்கும் பாட்டுப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் அவர் கொண்டுவந்து இறக்கியவை. நான் பெரியநாயகம், ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், பதினான்கு வருடமாகத் தலைவர்.

ஆட்டம் ரொம்ப எளிது. ஒருவர் ஒரு ஜாஸ் பதிவைப் போடுவார். உறையை யாருக்கும் காட்டமாட்டார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, வாசிப்பது யார் என்று சொல்ல வேண்டும். நான்கு பேர் வாசித்திருந்தால் நால்வரில் எவர் பெயரைச் சொன்னாலும் சரிதான். உறையில் என்ன இருக்கிறதோ அதுவே தீர்ப்பு, அதற்கு மேல் வாதம் கிடையாது. சரியாகச் சொன்னால் திமோத்தி தொடையில் தட்டி "பெத்துல்!" என்று மலாயில் கத்துவார். பாட்டு ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம். ஈப்போ வெயிலில் அது தனி தண்டனை.

இந்த ஆட்டத்துக்குள் உடையப்பனைக் கொண்டுவந்தது திமோத்திதான். கார் பழுது பார்க்க அவன் பட்டறைக்குப் போயிருக்கிறார். காருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததாம், எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவன் தலையைத் தூக்காமலே டிரம்பெட் வாசிப்பவரின் பெயரைச் சொன்னானாம். மூடிப்போன ஒரு கடையின் பழைய இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கி, பத்து வருடமாகப் பட்டறையில் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். ஐம்பது வயது, நகத்துக்குள் கருப்பு எண்ணெய். ஐவி வீட்டு சோபாவில் உட்காரமாட்டான், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்வான். வாசிப்பவர்களின் பெயரை அவன் உச்சரிக்கும்போதெல்லாம் நான் திருத்துவேன். "சரி சார்" என்பான். ஒரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் நான் கேட்ட ஒரே கேள்வி என் காரின் பிரேக்கைப் பற்றியது.

போன மாதம்தான் சண்டை வெடித்தது. யாருக்கும் கிடைக்காத ஒரு பதிவை நான் போட்டேன். அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அடுத்த நொடி பெயரைச் சொன்னான். பாட்டைக் கேட்டுப் பெயரைச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும்.

"போன் சொல்லிக் குடுக்குது, நீ ஒப்பிக்கிற" என்றேன்.

அவன் முகம் கருத்துப்போனது. கைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தான். "என் மக மெசேஜ் அனுப்பிருக்கா. நீங்களே பாருங்க சார்."

நான் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொன்னது பொய்யாகிவிடும் என்ற பயம்தான், வேறென்ன.

ஐவி நடுவில் வந்தார். "இப்படி ஆளு மேல பழி போட்டுட்டு சும்மா போக முடியாது அண்ணே. அடுத்த மாசம் ஒழுங்கா வெச்சுப் பாப்போம்." அப்படித்தான் முடிவானது. நான் தேர்ந்தெடுக்கும் மூன்று பதிவுகள். கைபேசி ஐவியின் பிஸ்கட் டின்னுக்குள். கண்ணைத் துணியால் கட்டிவிட வேண்டும். ஒன்று தவறினாலும் உடையப்பன் கள்ளன்தான், திரும்பி வரக்கூடாது. மூன்றும் சரியென்றால் எல்லார் முன்னாலும் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தலைவர் பதவியை விட வேண்டும்.

"எனக்குச் சம்மதம்லா" என்றான் உடையப்பன்.

முதல் இரண்டு பதிவுகளைத் தேட எனக்கு ஒரு வாரம் ஆனது. மூன்றாவது என் அலமாரியிலேயே இருந்தது. ஒரு கேசட்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு காலத்தில் டெனர் சாக்ஸபோன் வாசித்தேன். சங்கத்தில் யாருக்கும் தெரியாது. எண்பத்து நான்கில் தெலுக் இந்தானில் வாத்தியார் வேலை. கிறிஸ்மஸ் முடிந்து, பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் நடனம் வைத்தார்கள். எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். அன்று நான் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் இல்லை. யாரோ பதிவு செய்து ஒரே ஒரு கேசட்டை என்னிடம் கொடுத்தார்கள். உறையில் பெயர்களை நானே எழுதிவைத்தேன். அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்தில் எங்கள் வழக்கமான டிரம்ஸ்காரனோடு வாசித்தபோது எல்லாம் குளறுபடியானது, ஆட்கள் சிரித்தார்கள். பழியை அவன் தலையில் போட்டுவிட்டுச் சாக்ஸபோனை விற்றேன். அதற்குப் பிறகு மற்றவர்கள் வாசிப்பதில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலைதான் எனக்கு.

உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள கேசட்டை எவனால் கண்டுபிடிக்க முடியும்? அது நியாயமா என்று கேட்டால், கடையில் விற்ற பதிவாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. அவன் "தெரியல" என்பான். நான் மெதுவாக உறையைத் திருப்பி என் பெயரைக் காட்டுவேன். ஐவியும் திமோத்தியும் வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக நாற்பது வருடம் காத்திருந்தவன்போல அந்த வாரம் முழுவதும் தூங்காமல் கிடந்தேன்.

ஞாயிறு மழை பெய்து ஓய்ந்திருந்தது. உடையப்பன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். கைபேசியை அவனே டின்னுக்குள் போட்டு மூடினான். ஐவி புதுசாக ஒரு குட் மார்னிங் துண்டு எடுத்துக் கொடுத்தார். நான்தான் கட்டினேன், தேவைக்கு மேல் இறுக்கமாகவே கட்டினேன். அவன் கழுத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"பரவால்ல சார். போடுங்க."

மின்விசிறி நின்றது. முதல் பதிவு ஒரு பியானோ மூவர் குழு, ஐம்பதுகளில் வந்தது. நாற்பது விநாடியில் பியானோக்காரரின் பெயரைச் சொன்னான், உச்சரிப்பு தப்பாகத்தான் சொன்னான். நான் திருத்தவில்லை. திமோத்தி தொடையில் தட்டினார். "பெத்துல்!"

இரண்டாவது பதிவில் வேண்டுமென்றே முன்னால் வாசிப்பவர் யாரென்று உலகத்துக்கே தெரியாத ஒன்றை வைத்திருந்தேன். பாட்டு முடிந்தது. விதிப்படி அதற்குப் பிறகு ஒரு நிமிடம் உண்டு. ஐவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அசையவில்லை. வியர்வை துண்டுக்கு மேலே முத்து முத்தாக நின்றது. நாற்பது விநாடி போனது. ஐம்பது.

"அக்கா, பிரிட்ஜ நிப்பாட்டுங்க. கம்ப்ரசர் போகப் போகுது, அதோட சத்தம் பாட்டுல பேஸ்ஸ மறைச்சிருச்சு" என்றான்.

"நேரம் ஓடுது" என்றேன்.

"தெரியும் சார்." பிறகு ஒரு மூச்சில் பேஸ் வாசிப்பவரின் பெயரைச் சொன்னான்.

"பெத்துல்!" திமோத்தி எழுந்தே நின்றுவிட்டார். ஐவி போய்க் குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். வீடு அதற்கப்புறம் அமைதியாக இருந்தது.

நான் கேசட்டைத் திமோத்தியிடம் கொடுத்தேன். உறையை என் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு கரண்டிச் சத்தம், யாரோ ஒரு வெள்ளைக்காரரின் சிரிப்பு. அப்புறம் நான். இருபத்தாறு வயது நான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. ஐவி புருவத்தை உயர்த்தினார், திமோத்தி பாராட்டாகத் தலையாட்டினார். இருவரும் யார் என்று யோசிக்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

உடையப்பன் அசையாமல் இருந்தான். ஒரு நிமிடம் ஓடியிருக்கும். திடீரென்று நாற்காலியில் நிமிர்ந்தான். "சத்தம் கூட்டுங்க" என்றான். 'சார்' போடாமல் அவன் பேசியது அதுதான் முதல் தடவை. திமோத்தி கூட்டினார். அவன் வலது கை தொடையில் மெதுவாகத் தட்டத் தொடங்கியது. பாட்டு முடியும்வரை அந்தக் கை நிற்கவில்லை.

முடிந்தது. ஐவி கடிகாரத்தைப் பார்த்தார்.

"டெனர் வாசிக்கிறது யாருன்னு தெரியல" என்றான்.

நான் உறையைத் திருப்பப் போனேன்.

"இருங்க சார். நிமிஷம் முடியல. அவரு யாருன்னு தெரியல. நல்ல காத்து, நல்ல சத்தம். ஆனா தாளத்துல நிக்கல. நாலு எடத்துல பிந்தி வாறாரு. பியானோ அவர விட்டுட்டுப் போயிருது. நாலு எடத்துலயும் டிரம்ஸ்காரரு கடைசி அடிய அடிக்காம வெச்சிருந்து, அவரு வந்து சேந்த பெறகு போடறாரு."

"அது ஸ்டைல்" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"இல்ல சார். அது எங்கப்பா."

திமோத்தி சிரிக்கலாமா வேண்டாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"வாய்க்கு வந்தத சொல்லாத" என்றேன். "டிரம்ஸ்காரன் பேரு தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ."

"எங்கப்பா பேரு பிச்சைமுத்து. தோட்டத்துல பெரட்டு மணி அடிக்கிறது அவர்தான். தண்டவாளத் துண்டு ஒண்ணு கட்டித் தொங்கவிட்டிருக்கும் சார். காலையில ஆளுங்க பெரட்டுக் களத்துக்கு வந்து பேர் குடுக்கணும். மெதுவா மூணு, வேகமா ரெண்டு, அப்பறம் ஒண்ணு. அந்தக் கடைசி அடி விழுந்த பெறகு வாறவங்களுக்கு அன்னைக்கு வேல இல்ல, கணக்கெழுதற கிராணி பேர வெட்டிருவாரு. எங்கப்பா அந்தக் கடைசி அடிய பிந்திதான் போடுவாரு. கைக்கொழந்தையோட ஒரு அம்மா லயத்து வீட்டுல இருந்து ஓடிவந்துகிட்டு இருக்கும். அது களத்துல கால வெச்ச பெறகுதான் அடிப்பாரு. கிராணி ஏசுவாரு. இவரு கை வலிக்குதுய்யாம்பாரு." தொடையில் தட்டிக் காட்டினான். மூன்று, இரண்டு, காத்திருப்பு, ஒன்று. "பதினஞ்சு வயசு வரைக்கும் இதக் கேட்டுத்தான் எந்திரிச்சேன். எனக்குத் தெரியாதா சார்?"

"எந்த எஸ்டேட்டு?" என்று ஐவி கேட்டார்.

"பீடோர் பக்கம் அக்கா. எம்பத்தி நாலு கிறிஸ்மஸ் முடிஞ்சு கிளப்புல டான்ஸ். பேண்ட்காரங்களோட ஆளுக்குக் காச்சல்னு எங்கப்பாவக் கூட்டிட்டுப் போனாங்க. அவரு கோயில்ல அடிப்பாரு, தோட்டத்து டிராமாவுக்கு டிரம்ஸ் அடிப்பாரு. எனக்குப் பத்து வயசு. கிளப்புக்குப் பின்னால சமையக்கட்டுப் படியில ஒக்காந்து சாப்பிட்டோம்."

ஐவி என்னைப் பார்த்தார். "அண்ணே, சரியா?"

அந்த நடனத்துக்கு எங்கள் டிரம்ஸ்காரனுக்குக் காய்ச்சல் என்பது உண்மை. மெலிந்த ஒரு ஆளை உதவி மானேஜர் கூட்டிவந்ததும் உண்மை. "நம்ம மணி அடிக்கிற ஆள்" என்று அவர் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. சரி என்று தலையாட்டினால் போதும். அதற்குப் பதிலாக நான் சொன்னேன்: "திமோத்தி, அந்த இடத்தைத் திரும்பப் போடுங்க."

அவர் பின்னுக்கு ஓட்டிப் போட்டார். நான் நூறு தடவை கேட்ட இடம்தான். என் சாக்ஸபோன் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து, மெல்ல இறங்கி வருகிறது. இத்தனை வருடம் அதை நான் என் நிதானம் என்று நினைத்திருந்தேன். நிதானம் இல்லை. நான் தாளத்தைத் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிம்பலில் மூன்று, இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. யாரோ கையை ஓங்கி எனக்காக நிறுத்திவைத்திருக்கிறார். நான் வந்து சேர்ந்ததும் அடி விழுகிறது. ஈப்போ கல்யாணத்தில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. வெட்கம் தாங்கவில்லை எனக்கு.

"தொண்ணூத்தொண்ணுல எறந்துட்டாரு" என்றான் உடையப்பன். "போட்டோ ஒண்ணு கூட ஒழுங்கா இல்ல." அவன் குரல் உடைந்தது. ஐவி தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனார். திமோத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாடாவை முதலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றான் அவன், என் பக்கம் திரும்பி. கண்ணில் கட்டு அப்படியே இருந்தது. "உறையில பேரு இருக்கும், பாருங்க. சாக்ஸ் வாசிச்ச வாத்தியாரு ஜீப்புல ஏறும்போது எங்கப்பாகிட்ட பேரு கேட்டாராம். கேசட்டுல எழுதுறேன்னு சொன்னாராம். டவுன் வாத்தியாரு ஏம்பேர எழுதி வெச்சிருக்காருன்னு சாகுற வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எழுதியிருக்குல்ல சார்?"

நான் உறையைத் திருப்பினேன். என் கையெழுத்து, நீல மை. டெனர் சாக்ஸபோனுக்கு நேராக என் பெயர், பெரிதாக. பியானோவுக்கு ஒரு பெயர். பேஸுக்கு ஒரு பெயர். டிரம்ஸுக்கு நேராக 'எஸ்டேட் ஆள்'.

ஜீப்பின் ஜன்னலில் குனிந்த முகம் ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பையனும் நின்றிருந்தான் என்றுதான் நினைக்கிறேன். பெயர் கேட்டேன். எழுதுகிறேன் என்றேன். தெலுக் இந்தான் போய்ச் சேர்வதற்குள் மறந்துபோனேன். கடிதம் போட்டு விசாரித்திருக்கலாம். யாருக்கு அவசியம்?

உறையில் இருப்பதுதான் தீர்ப்பு. 'பிச்சைமுத்து' அங்கே இல்லை. விதிப்படி உடையப்பன் தோற்றுவிட்டான், கள்ளன் என்ற பெயரோடு வெளியே போக வேண்டும். நான் வாய் திறக்காவிட்டால் போதும், தலைவராகவே இருப்பேன். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. ஐவி இப்போது வந்துவிடுவார், உறையைக் கேட்பார்.

வாத்தியார் பழக்கம், சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். எடுத்தேன். 'எஸ்டேட் ஆள்' என்பதை அடித்தேன். மேலே எழுதத் தொடங்கினேன். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் ஜெயிப்பான், அவன் அப்பா நினைத்தது பொய்யாகாது. நான் மன்னிப்புக் கேட்டுவிடுவேன், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய வாத்தியாராக இருந்து கேட்பேன். ஆக, அதிலும் எனக்கு ஒரு பங்கு ஒதுக்கிக்கொண்டுதான் எழுதினேன். 'பிச்சை' என்று வந்திருந்தது.

உடையப்பன் தலையை லேசாகச் சாய்த்தான்.

"இப்பத்தான் எழுதுறீங்களா சார்?"

பேனா நின்றது. திமோத்தி திரும்பினார். ஐவி தம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டார். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள், பார்க்க முடியாத ஒருவரைத் தவிர.

"ஆமா" என்றேன். "இப்பத்தான். அன்னைக்கு எழுதறேன்னு சொன்னது நான்தான். எழுதல. எஸ்டேட் ஆள்னு போட்டுட்டேன். நீ கள்ளன் இல்ல உடையப்பா. என்ன மன்னிச்சிரு."

உடையப்பன் முகத்தை நிமிர்த்தினார். துண்டு கண்ணுக்குக் கீழே நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனவர் அவிழ்க்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதியில நிப்பாட்டிட்டீங்க சார்" என்றார். "முழுசா எழுதுங்க."

எழுதினேன். மின்விசிறி ஓடவில்லை, குளிர்சாதனப் பெட்டி ஓடவில்லை. பேனா உறையில் உரசுகிற சத்தம் எங்கள் நாலு பேருக்கும் கேட்டது. நான் கடைசி எழுத்தை முடிக்கும்வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.